நாலு கார் நின்ற தட்டில் மூன்று

மாருதி 800 காரின் நீளம் 3.335 மீட்டர். இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டாவின் நீளம் 4.33 மீட்டர். நான்கு மாருதிகளை இடைவெளியே விடாமல் வரிசையாக நிறுத்தினால் 13.34 மீட்டர் வேண்டும். அந்த இடத்தில் மூன்று கிரெட்டாக்கள்தான் அடங்கும். மேல்தட்டு, கீழ்த்தட்டு என இரண்டு தட்டு உள்ள கார் கேரியரில் அன்று எட்டு, இன்று ஆறு. எடைக் கணக்கோ நேர் எதிராகப் போகிறது. மாருதி 800 ஏறக்குறைய 650 கிலோ, கிரெட்டா 1,200 கிலோவுக்கு மேல். நான்கு கார் நின்ற தட்டில் இப்போது மூன்றுதான் நிற்கின்றன. ஆனால் அந்தத் தட்டின் மேல் ஏறும் பாரம் ஒரு டன்னாவது கூடிவிட்டது.

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் மண்ணிவாக்கம், படப்பை தாண்டி ஒரகடம் வரைக்கும், அந்தப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையில் சிங்கப்பெருமாள்கோவில் வரைக்கும் கனரக வண்டிப் பட்டறைகள் உண்டு. பழைய கார் கேரியர் டிரெய்லர் இப்படிப்பட்ட பட்டறைக்கு வந்தால் முதலில் தீர்க்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான். கார் மாதிரிகள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாறிவிடுகின்றன. அவற்றைச் சுமக்கும் டிரெய்லர் அதே எஃகுச் சட்டத்தோடு பல தலைமுறைக் கார்களைத் தாங்கிக்கொண்டு ஓடுகிறது. சான்ட்ரோ போன்ற சிறிய காரைச் சுமக்கக் கட்டியதை கிரெட்டாவுக்கு ஏற்றபடி மாற்றுவதுதான் இங்கே புதுப்பித்தல் என்பதன் பெரும்பகுதி. வர்ணம் கடைசி வேலை.

டிரெய்லர் என்ற ஒன்றே தேவைப்படாத காலமும் ஜி.எஸ்.டி. சாலைக்கு இருந்தது. பெருங்களத்தூரை அடுத்து ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை நடந்தது. 1961 முதல் ஹெரால்டு, 1970களில் கெஸல், 1985இல் ஸ்டாண்டர்டு 2000 ஆகியவை அங்கிருந்து வந்தவை. எண்பதுகளின் கடைசியில் கார் உற்பத்தி நின்றுபோனது. அந்தக் காலத்தில் புதிய கார் தன் சக்கரத்திலேயே ஊர் போய்ச் சேர்வது வழக்கம். தற்காலிகப் பதிவு எண்ணோடு ஓட்டுநர் ஒருவர் எடுத்துக் கிளம்புவார். புது எஞ்சினை விரட்டக் கூடாது என்பதால் நிதானமாகவே ஓட்டுவார். வண்டியில் ஏதாவது சத்தம் வந்தால் முதலில் அது அவர் காதில்தான் விழும். வாங்குபவர் கைக்குக் கார் வரும்போது மீட்டரில் சில நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கும். அதை யாரும் குறையாக நினைத்ததில்லை.

இன்று புதிய காரின் மீட்டரில் முப்பது, நாற்பது காட்டினாலே வாங்குபவர் விளக்கம் கேட்கிறார். கேட்பது நியாயம்தான். தேயாத டயர், கீறல் இல்லாத வர்ணம், கல்லடி படாத கண்ணாடி எல்லாம் டிரெய்லர் தந்த வரவுகள். ஆனால் தன் கையால் ஓட்டி வந்து காரை அறிந்து, ‘கிளட்ச் கொஞ்சம் இறுக்கம், பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி ஒப்படைத்த அந்த முதல் ஆள் போய்விட்டார். இப்போது காரை முதன்முதலில் நெடுந்தூரம் ஓட்டிப் பார்ப்பவர் அதன் சொந்தக்காரர்தான்.

1983 டிசம்பரில் குர்கானில் மாருதி வந்தபோது, கார் சென்னை வந்துசேர வேண்டிய தூரம் இரண்டாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது. அவ்வளவு தொலைவு ஒவ்வொரு காருக்கும் ஒரு ஓட்டுநரை அனுப்புவது எண்ணிக்கை பெருகப் பெருகக் கட்டுப்படியாகாது. அப்புறம் திசை திரும்பியது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ, 1999இல் மறைமலைநகரிலிருந்து ஃபோர்டு ஐகான், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் என்று, வடக்கிலிருந்து கார் வந்து இறங்கிய ஊர் வடக்குக்குக் கார் ஏற்றி அனுப்பும் ஊரானது. தாம்பரத்துக்குத் தெற்கும் மேற்கும் உள்ள சாலைகளில், நாற்புறமும் தகடு அடைத்த நீளப் பெட்டிகள் கண்ணுக்குப் பழகிப்போயின. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதவர்கள் அதையும் கன்டெய்னர் என்றே சொன்னார்கள்.

அந்தப் பெட்டிகளில் ஒன்று இன்று பட்டறைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

இழுவை லாரியைக் கழற்றிவிட்டு, டிரெய்லரை முன்கால்களில் நிறுத்தி, அடியில் முட்டுக்கொடுக்கிறார்கள். பிறகு சுத்தியலால் சட்டம் முழுக்கத் தட்டிப் பார்க்கிறார்கள். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும், உள்ளே துரு தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும். துரு பெரும்பாலும் மழைநீர் தேங்கும் இடங்களில்தான் ஒளிந்திருக்கும்: சக்கரத் தடத்தின் மடிப்பு, குறுக்குச் சட்டம் நீளச் சட்டத்தோடு சேரும் மூலை, பின் கதவின் கீல். துறைமுகத்துக்குப் போய்வரும் பெட்டிகளுக்கு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். அடுத்தது கிங் பின். டிரெய்லரை லாரியோடு கோக்கும் இந்த ஒற்றை முளையின் விட்டம் புதிதில் 50.8 மில்லிமீட்டர். தேய்ந்து 49க்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். முழு டிரெய்லரும் அதன் மேல் இருக்கும் கார்களும் நம்பியிருப்பது 1.8 மில்லிமீட்டர் தேய்மானத்துக்குள் இருக்கும் இந்த இரும்புத் துண்டைத்தான்.

பழைய முறையில் பழுதான சட்டத்தை கேஸ் கட்டிங்கில் அறுத்தெடுத்து, காயலான் கடையில் கிடைத்த சேனலை வைத்துக் குச்சி வெல்டிங்கில் பற்றவைப்பார்கள். எங்கே வளைகிறதோ அங்கே இன்னொரு பட்டை. அது வளைந்தால் அதன் மேல் மற்றொன்று. வண்டி உறுதியாகத்தான் இருந்தது, ஆனால் ஒவ்வொரு பழுதுக்கும் எடை கூடிக்கொண்டே போனது. நல்ல பட்டறைகளில் இன்று உயர் வலு எஃகுத் தகட்டை அளவாக வெட்டி வாங்கி, கம்பி தானாக ஊட்டும் சி.ஓ.டூ வெல்டிங்கில் இணைக்கிறார்கள். தகட்டின் கனம் குறைந்தும் வலு குறைவதில்லை. மேல்தட்டில் ஒரு டன் பாரம் கூடிய பிறகும் டிரெய்லரின் சொந்த எடையைக் கட்டுக்குள் வைக்க இதை விட்டால் வேறு வழி தெரியவில்லை.

அகலத்தில்தான் பெரிய சிக்கல். சாலை விதிப்படி வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. உள்ளே நிற்கும் கார் மட்டும் 1.44 மீட்டரிலிருந்து 1.79 ஆகிவிட்டது. மாருதியை உள்ளே நிறுத்திவிட்டு ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்கலாம். இப்போது பெட்டியின் தூண்களையும் தகட்டையும் கழித்துப் பார்த்தால் கதவு திறக்க ஒரு சாண் சொச்சம்தான் மிஞ்சுகிறது. உடம்பை ஒடுக்கி நழுவியோ ஜன்னல் வழியாகவோ வெளியே வருகிறார்கள். எனவே சக்கரத் தடங்களைப் பெயர்த்து வெளிப்பக்கம் தள்ளிவைக்கிறார்கள். தூண்களின் உட்புறத்தில் ரப்பர் பட்டை ஒட்டுகிறார்கள். உயரத்திலும் இதே நெருக்கடி. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மாருதிக்கு 2.81 மீட்டர், இரண்டு கிரெட்டாவுக்கு 3.27. அந்த 46 சென்டிமீட்டரை வானத்தில் தேட முடியாது, மேம்பாலங்கள் இருக்கின்றன. கீழ்த்தட்டைச் சக்கரங்களுக்கு இடையே தாழ்த்தித்தான் அதைப் பெற வேண்டும்.

பெரிய கார் என்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. அம்பாசடரின் நீளம் 4.325 மீட்டர், கிரெட்டாவுக்கு ஐந்து மில்லிமீட்டர்தான் குறைவு. நடுவில் முப்பது ஆண்டுகள் நாம் சிறிய கார்களுக்கு மாறியிருந்தோம். டிரெய்லர்கள் அந்த முப்பது ஆண்டுகளின் அளவில் பிறந்தவை.

நீளத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. இழுவை லாரியையும் சேர்த்து 18.75 மீட்டர் என்ற வரம்பு கண்டிப்பானபோது, அளவு மீறிய பழைய பெட்டிகளுக்கு இரண்டே வழிகள் இருந்தன. வெட்டிக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் ஓரம்கட்ட வேண்டும். நீண்ட பெட்டி வளைவில் திரும்பும்போது பின்பக்கம் உள்ளே வெட்டிக்கொண்டு வரும். முடிச்சூர் சாலை போன்ற குறுகலான பாதைகளில் இருசக்கர வண்டிக்காரர்களுக்கு அது எவ்வளவு ஆபத்து என்று இந்தப் பகுதியில் குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த விதியை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். காரின் எண்ணிக்கை குறைந்து வாடகைக் கணக்கு இடித்தாலும் சரி.

சக்கரப் பகுதியில் மாற்றம் இன்னும் தெளிவு. அன்று பிரேக் டிரம்மைக் கழற்றியதும் உள்ளே படிந்த தூளைக் காற்றடித்து ஊதுவார்கள். அந்த லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, பக்கத்தில் நின்ற பையன்கள் மூச்சில் அது போனது. இன்று ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத லைனிங் கிடைக்கிறது. அதுவும் தூள்தான், முகக்கவசம் வேண்டும், பலர் அணிவதில்லை. 2015இல் புதிய கனரக வண்டிகள் அனைத்துக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமான பிறகு, பழைய டிரெய்லர் ஒன்றைப் புதுப்பிக்கும் விவரமான முதலாளி அதையும் சேர்த்தே பொருத்தச் சொல்கிறார். மழையில் பாரத்தோடு பிரேக் அழுத்தும்போது பின்பெட்டி பக்கவாட்டில் வீசியடிப்பது இதனால் பெருமளவு அடங்கும். பல்பு விளக்குக்குப் பதில் எல்.இ.டி., பக்கங்களில் ஒளிர்பட்டை, இருசக்கர வண்டி அடியில் நுழைந்துவிடாதபடி பக்கத் தடுப்புக் கம்பி. கட்டைக்கும் கயிற்றுக்கும் பதில், ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக இறுக்கும் பெல்ட்.

போனவற்றில் எனக்கு வருத்தம் தருவது ஸ்பிரிங் பட்டறை. உட்கார்ந்துபோன ஸ்பிரிங் பட்டைகளைப் பிரித்து, உலையில் சிவக்கக் காய்ச்சி, அடித்து வளைவு ஏற்றி, எண்ணெயில் முக்கி எடுக்கும் கொல்லர்கள் இருந்தார்கள். நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்வார்கள். இன்று கட்டாகப் புது ஸ்பிரிங் வருகிறது. போல்ட்டை முறுக்கினால் முடிந்தது, வசதியிருந்தால் காற்றுப்பை சஸ்பென்ஷனே போடலாம். சுமையில் நிற்கும் கார்களுக்கு அது மெத்தென்று இருக்கும். ஆனால் நெடுஞ்சாலையில் நடுராத்திரி ஒரு பட்டை முறிந்தால், விடிவதற்குள் அடித்துத் தரும் ஆள் பக்கத்தில் கிடையாது. பெட்டியின் பக்கத்தில் தூரிகையால் ஊர்ப் பெயரும் சாமிப் பெயரும் எழுதிய ஓவியர்களும் அப்படித்தான் போனார்கள். ஸ்டிக்கர் ஒரு மணி நேரத்தில் ஒட்டி முடிகிறது.

இதே கதை ரயில்வேயிலும் நடந்திருக்கிறது, இன்னும் பெரிய அளவில். பயணிகளைச் சுமந்து வயதாகிப்போன ஐ.சி.எஃப். பெட்டிகளை எடுத்து, இருக்கைகளைக் கழற்றி, ஜன்னல்களைத் தகட்டால் அடைத்து, கடைக்கோடியில் அகலக் கதவு வைத்து, கார் ஏற்றும் பெட்டிகளாக மாற்றினார்கள். என்.எம்.ஜி. என்று அவற்றுக்குப் பெயர். ஒரு பெட்டிக்கு ஐந்து சிறிய கார், இருபத்தைந்து பெட்டி கொண்ட ரயிலுக்கு 125. வாலாஜாபாத் நிலையத்தில் இப்படி ஏற்றி அனுப்புகிறார்கள். அடுத்து, காருக்கென்றே வடிவமைத்த இரண்டடுக்கு வேகன்கள் வந்தன. அவற்றில் ஒரு ரயிலுக்கு முந்நூறுக்கு மேல். 2013-14இல் நாட்டின் புதிய கார்களில் நூற்றுக்கு இரண்டுகூட ரயிலில் போகவில்லை. பத்தாண்டில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒன்றானது. நெடுந்தூரச் சுமை மெல்ல மெல்லத் தண்டவாளத்துக்கு நகர்கிறது. ஆனாலும் ஆலையிலிருந்து நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும், நிலையத்திலிருந்து விற்பனையகத்துக்கும் டிரெய்லர் போயாக வேண்டும். குறுந்தூரம், நிறைய திருப்பங்கள், அடிக்கடி ஏற்றி இறக்குதல் என்று வேலையின் தன்மை மாறும்போது, தேய்வதும் நீளச் சட்டத்தைவிட ஏற்றுப்பலகையும் ஹைட்ராலிக் சிலிண்டரும்தான்.

சாலையும் மாறியிருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரி வந்ததும் மாநில எல்லைகளில் வரி சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை 2021இல் முழுமையாகத் திறந்தபின், எண்ணூருக்குக் கார் கொண்டுபோகும் வண்டிகள் நகரத்துக்குள் நுழைய வேண்டியதில்லை. 2022இல் மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் கார் உற்பத்தி நின்றது. அந்த ஆலையை நம்பியிருந்த வண்டிகள் வேறு சுமை தேட வேண்டியிருந்தது.

2025 அக்டோபர் முதல் நாளிலிருந்து தயாராகும் கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம். கூண்டுகூட இல்லாத வெற்றுச் சேஸிஸில், மரப் பலகை மேல் உட்கார்ந்து, தலையில் துண்டு கட்டி, கண்ணாடி மாட்டிக்கொண்டு மழையிலும் வெயிலிலும் ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போன ஓட்டுநர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும். ஆனால் அது புது லாரிக்குத்தான். புதுப்பித்த டிரெய்லரை இழுப்பது பெரும்பாலும் பழைய லாரி, அதற்கு இந்த விதி பொருந்தாது. பெட்டிக்குள் நிற்கும் காருக்கு ரப்பர் பட்டை ஒட்டி, காற்றுப்பை சஸ்பென்ஷன் போடும் முதலாளிகள் அதே செலவோடு ஓட்டுநர் அறையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கோரிக்கை. கூரையின் உட்புறம் வெப்பம் தாங்கும் அட்டை, நல்ல இருக்கை, இருபத்துநான்கு வோல்ட்டில் ஓடும் சிறிய குளிர்சாதனம். தகுதிச் சான்றுக்காக வண்டி எப்படியும் பட்டறையில் நிற்கிறது, வர்ணம் காயும் நேரத்திலேயே இந்த வேலையையும் முடித்துவிடலாம்.