நாயோடு வீட்டுக்குள் வரும் உண்ணி

ஊரில் நாயின் காதில் உண்ணியைக் கண்டால் விரலால் பிடுங்கி மண்ணெண்ணெய்ச் சிரட்டைக்குள் போடுவோம். அதோடு விடயம் முடிந்துவிடும். நாயும் வளவிலேதான் படுக்கும். இங்கே ஸ்காபரோவில் நம் நாய் பேரப்பிள்ளையின் கட்டிலில் படுக்கிறது. உண்ணியும் வேறு. ரொறன்ரோவின் கிழக்கே, ரூஜ் தேசிய நகரப் பூங்காவை அண்டிய பகுதிகளில், கருங்கால் உண்ணி நிலைகொண்டுவிட்டது. லைம் நோய்க் கிருமியைக் காவுவது இதுதான்.

உண்ணி கோடையில் மட்டும் வரும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வெப்பநிலை 4 பாகை செல்சியசைத் தாண்டினாலே இது நடமாடத் தொடங்கும். பனி உருகும் ஒரு மார்கழி நாளும் போதும். வைகாசி முதல் ஆடி வரை இன்னும் கவனம் தேவை. அப்போது திரியும் இளம் உண்ணி கசகசா அளவுதான். அடர்ந்த உரோமத்துக்குள் அதைக் கண்ணால் தேடிப் பயனில்லை. விரலால் தடவிப் பார்க்க வேண்டும். காதுக்குள், கழுத்துப்பட்டியின் கீழ், கமக்கட்டு, கால்விரல் இடுக்கு, வாலடி ஆகியவை அது விரும்பும் இடங்கள். கிருமி உடலுக்குள் புகப் பெரும்பாலும் 24 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். ஆகவே தினமும் ஒருமுறை தடவினால் பாதி வேலை முடிந்தது.

கண்டால், கூரிய முனையுள்ள சாவணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். நெருப்புக்குச்சி, வாசலீன், மண்ணெண்ணெய் ஒன்றும் வேண்டாம். நகத்தால் நசுக்கவும் வேண்டாம்.

மிருக வைத்தியர் தரும் மாத்திரை நல்லது. ஆனால் உண்ணி கடித்த பிறகே அது வேலை செய்யும். உரோமத்தில் ஏறி வந்த உண்ணி கடிக்குமுன் இறங்கி நம்மில் ஏறலாம். நாய் நேரடியாக நமக்கு நோயைத் தொற்ற வைக்காது; உண்ணியைக் கூட்டிவருவதுதான் பிரச்சினை. இன்னொன்று: பேர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனைக்குப் பூசாதீர்கள். பூனை செத்துவிடும்.

வளவில் புல்லைக் கட்டையாக வெட்டி, உதிர்ந்த இலைகளை அள்ளுங்கள். பற்றைக்கும் புல்தரைக்கும் இடையே ஒரு மீற்றர் அகலத்துக்கு மரச்சீவல் அல்லது சரளைக்கல் பரப்பினால் உண்ணி கடக்கத் தயங்கும். விறகுக் குவியலில் எலிகள் குடியேறும்; உண்ணிக்குக் கிருமி கிடைப்பது பெரும்பாலும் எலியிடமிருந்துதான். நடந்துவிட்டு வந்த உடுப்பை, தோய்க்குமுன் உலர்த்தியில் அதிக சூட்டில் 10 நிமிடம் போடுங்கள்.

கிருமி தொற்றிய நாய்கள் பலவற்றில் அறிகுறியே தெரியாது. சில நாய்கள் மாதங்கள் கழித்து நொண்டும், சாப்பிடாது, காய்ச்சலாகக் கிடக்கும். அரிதாகச் சிறுநீரகமும் பழுதாகும். தடுப்பூசி உண்டு, மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

மனிதருக்குக் கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள் பரந்துகொண்டு போகும் தடிப்பு வரலாம். புத்தகங்களில் காட்டும் சிவப்பு வளையம் நம் மாநிறத் தோலில் எடுபடாது. கண்டல் காயம் போலவோ மங்கிய கருமையாகவோ தெரியும். 'அடிபட்டது' என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்த உண்ணியை எடுத்திருந்தால், 72 மணித்தியாலத்துக்குள் ஒரேயொரு தடவை எடுக்கும் தடுப்பு மருந்து தகுந்தவர்களுக்கு உண்டு. ஒன்ராறியோவில் 2023 தை முதல் மருந்தாளரே அதை எழுதித் தரலாம். உண்ணியைச் சிறு போத்தலில் போட்டு, கடித்த திகதியையும் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.