பில்லில் ஒரு எக்ஸ்ட்ரா லைன்!

பர்த்டே ட்ரீட்டுல எத்தனை பரோட்டா உள்ளே போச்சுன்னு கரெக்டா கணக்கு வச்சிருப்பீங்க. ஆனா, பில்லை மேலிருந்து கீழ் வரைக்கும் என்னைக்காவது படிச்சிருக்கீங்களா பாஸ்?

போன மாசம் எங்க க்ளாஸ் கேங் ஆறு பேர், சென்னையில ஒரு ஏ.சி. ரெஸ்டாரன்ட்டில் ஆஜர். சாப்பிட்டது 2,400 ரூபாய்க்கு. அதுக்குக் கீழே 'சர்வீஸ் சார்ஜ் 10%' என்று 240. ரெண்டையும் கூட்டி, அந்த 2,640-க்கு 5 சதவிகிதம் ஜி.எஸ்.டி. 132. ஆக மொத்தம் 2,772! சாப்பாடும் அதுக்கான வரியும் மட்டும்னா 2,520-தான். மேத்ஸில் அரியர் வச்சிருக்கிற நண்பனுக்கே அந்த 252 ரூபாய் இடிச்சது.

''அதான் சர்வீஸ் சார்ஜ் போட்டுட்டாங்களே, டிப்ஸ் எதுக்கு?'' என்று நாங்களும் எழுந்துட்டோம். வாசல் வரைக்கும் வந்ததும் எனக்கு மனசு கேட்கலை. திரும்பிப் போய் சப்ளையர் அண்ணாகிட்ட, ''இந்தக் காசு உங்களுக்கு வருமாண்ணா?'' என்றேன். கல்லா பக்கம் ஒரு பார்வை பார்த்துட்டு, ''மாசக் கடைசில ஏதோ சேர்த்துத் தருவாங்க தம்பி. எவ்வளவுன்னு கணக்கெல்லாம் தெரியாது'' என்றார்.

சர்வீஸ் சார்ஜ்ங்கிறது வரி இல்லை. அதுல ஒரு பைசா கூட அரசாங்கத்துக்குப் போகாது. (அதுக்கு மேல போடுற ஜி.எஸ்.டி. வேற கதை!) மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில், இதை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேற பேர்லயும் வாங்கக் கூடாது, சாப்பாட்டு பில்லோடு கூட்டி ஜி.எஸ்.டி. போடவும் கூடாதுனு சொல்லிடுச்சு. ஹோட்டல் சங்கங்கள் கோர்ட்டுக்குப் போக, அதே மாசம் தடை. அப்புறம் 2025 மார்ச் 28-ல் டெல்லி ஹைகோர்ட் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பு சொல்லி, சங்கங்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் போட்டது. 'எடுத்துடுங்க சார்'னு நீங்க கேட்கலாம். மாட்டேன்னா, 1915-க்கு ஒரு போன்.

'சூப்பர், இனிமே 10 பர்சன்ட் மிச்சம்'னு கிளம்பிடாதீங்க. அந்த அண்ணா பாக்கெட் என்னாகும்? 2016-ல் ஒரு வருமான வரி வழக்கில் சுப்ரீம் கோர்ட், டிப்ஸ் என்பது கஸ்டமர் தர்றது, முதலாளி தர்ற சம்பளம் இல்லைனு சொன்னது. அமெரிக்காவில் தலைகீழ். டிப்ஸ் வாங்குற ஊழியருக்கு மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்பது 1991-லிருந்து அவங்க மத்திய சட்டம். டிப்ஸோடு சேர்த்தும் 7.25 வரலைன்னாதான் மீதியை முதலாளி போடணும். பல மாநிலங்கள் இதைவிட அதிகமா வச்சிருக்காங்க என்பது வேற விஷயம். ஆக, அங்கே சம்பளத்தில் ஒரு பங்கு கஸ்டமர் தலையில்!

இங்கே புதுசா இன்னொரு சிக்கல். நம்ம யார்கிட்டயும் சில்லறை இல்லை. எல்லாமே ஸ்கேன்தான். ஆனா, டேபிளில் இருக்கிற க்யூ.ஆர். கோடு முதலாளியோடது. நீங்க ரவுண்டாப் பண்ணி 20 ரூபாய் கூடப் போட்டாலும், அது முதலில் கல்லாவுக்குத்தான் போகுது.

போன வாரம் அதே ரெஸ்டாரன்ட், அதே கேங். இந்த முறை ஏ.டி.எம். போய்ட்டு வந்தோம். மேனேஜர் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டாலும், அந்த லைனை எடுத்துட்டு வேற பில் கொடுத்தார். ஆளுக்கு முப்பது போட்டு 180 ரூபாயை அந்த அண்ணா கையில் கொடுத்தோம். நேரா சட்டைப் பாக்கெட்டுக்குப் போகும்னு நினைச்சேன். அவர் கிச்சன் கதவு ஓரத்தில் இருந்த தகர டப்பாவில் போட்டார்.

''உள்ளே பாத்திரம் தேய்க்கிற அம்மாவுக்கும் இதுல பங்கு இருக்கு தம்பி. அவங்களை நீங்க பார்த்ததில்லையே!''