வயிற்றின் மேல் ஒரு பை

பழவேற்காடு ஏரியில் பறியை வாயில் கவ்விக்கொண்டு, நீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அவர்களுள் ஒருத்திக்குப் பெருங்குடலில் புற்றுநோய் கண்டு, குடலின் நுனியை வயிற்றின்மேல் திறந்து வைத்துவிட்டால், அவள் மீண்டும் ஏரியில் இறங்க முடியுமா? முடியும்.

அந்தத் திறப்பு சிவந்து ஈரமாக இருக்கும், தொட்டால் வலிக்காது. இறுக்கி மூடும் தசை அங்கே இல்லாததால் மலம் தானாக வெளிவரும். அதை ஏந்தத்தான் பை. டென்மார்க் நாட்டுத் தாதி எலிசே சோரன்சன், வெளியே போகவே அஞ்சிய தம் சகோதரிக்காக, தோலில் ஒட்டும் பையை 1954-இல் உருவாக்கினார். நம் அடையாறு புற்றுநோய் நிலையம் இயங்கத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்!

மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் பையைக் காலி செய்யவேண்டும். நிரம்பவிட்டால் கனத்தில் பிய்ந்துவிடும். சுற்றியுள்ள தோலை வெறும் நீரால் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகே ஒட்டவேண்டும். நம் கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வைதான் பெரிய தொல்லை. ஈரத்தோலில் பசை பிடிக்காது. மீனும் முட்டையும் வெங்காயமும் வாடை தரும். மோர் அதைக் குறைக்கும். மீனவர் வீட்டில் மீனை விலக்கச் சொல்ல யாரால் ஆகும்? வெளியே செல்லும் நாளில் குறைத்துக்கொண்டால் போதும்.

புண் ஆறி மருத்துவர் சம்மதித்தபின், பையைக் காலி செய்துவிட்டு ஏரியில் இறங்கலாம். கரையேறியதும் பையின் ஓரத்தைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.