அடுப்பு மூட்டாத விருந்துத் தட்டு

விருந்தினர் வரும் மாலை வேளைகளில் நம் இல்லங்கள் பலவற்றில் ஒரே காட்சியைக் காண்கிறோம். முன்கூடத்திலே சிரிப்பும் பேச்சும் நிறைந்திருக்கும். அவ்வீட்டுத் தலைவியோ அடுக்களையில், எண்ணெய்ச் சட்டியின் முன்னே வியர்வை வழிய நின்று வடை சுட்டுக்கொண்டிருப்பார். வந்தவர்கள் விடைபெற எழும்போதுதான் அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி வெளியே வருவார். உணவு படைப்பது விருந்தோம்பலின் ஒரு பாதியானால், வந்தவருடன் அமர்ந்து அளவளாவுவது மற்றைப் பாதியல்லவா? அந்த மற்றைப் பாதி அவருக்குக் கிட்டுவதேயில்லை.

அதனை அவருக்கு மீட்டுக் கொடுக்கக்கூடிய சிற்றுண்டி ஒன்றை இவ்வாரம் எடுத்துக்கொள்கிறோம். வெள்ளரிக்காய் வட்டங்களின் மீது புகையூட்டிய சமன் மீனை வைத்துப் பரிமாறும் இவ்வுண்டிக்கு அடுப்பே வேண்டியதில்லை. அரை மணி நேரத்தில் ஒரு தட்டு நிறைந்துவிடும். எனினும், நெருப்பு நமக்குச் சமைத்துத் தருவது மட்டுமன்றிக் காவலும் செய்கிறது. நெருப்பை விலக்கினால் அக்காவலை நாமே ஏற்கவேண்டும். ஆகவே செய்முறையோடு அதனையும் சேர்த்தே சொல்லுவோம்.

முதலில் மீனைப் பற்றிச் சிறிது. சமன் என்றதும் தகரப்பேணியில் அடைத்து வரும் மீனே நம்மவர் பலருக்கு நினைவில் வரும். அப்பெயரால் நாம் கேட்டு வாங்கும் பேணிகளில் பெரும்பாலும் இருப்பது வேறு இன மீன். உண்மையான சமன் வட அத்திலாந்திக், வட பசுபிக் சமுத்திரங்களின் குளிர்ந்த நீருக்குரியது. ஆற்றின் நன்னீரிலே பிறந்து, கடலிற் சென்று வளர்ந்து, முட்டையிடும் காலத்தில் மீண்டும் பிறந்த ஆற்றையே நாடி வரும் இயல்புடையது. இறால் போன்ற சிற்றுயிர்களில் உள்ள ஒரு நிறப்பொருளே அதன் தசைக்கு இளஞ்சிவப்பு நிறத்தைக் கொடுக்கிறது.

வட ஐரோப்பிய மக்கள் மீன் மிகுதியாகக் கிடைத்த காலத்தில், அதனைக் கெடாது வைத்திருக்க உப்பையும் புகையையும் துணைகொண்டனர். நாம் கருவாடு போட்டதும் இதே தேவையினாலேதான். நமக்கு வெயில் இருந்தது. அவர்களுக்கு அது போதிய அளவு இருக்கவில்லை. நோர்வே, சுவீடன் முதலிய நாடுகளின் மீனவர் உப்பிட்ட மீனை மண்ணிற் புதைத்துப் பதப்படுத்தினர். ‘கிராவ்லக்ஸ்’ என்று இன்றும் வழங்கும் பெயருக்குப் ‘புதைத்த சமன்’ என்பதே பொருள். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இலண்டனின் கிழக்குப் பகுதியிற் குடியேறிய யூதர்கள் புகையூட்டும் தொழிலைத் தம்முடன் கொண்டு சென்றனர். முதலில் போல்டிக் கடல் மீனை உப்புநீர்ப் பீப்பாய்களில் வரவழைத்த அவர்கள், பின்னர் ஸ்கொட்லாந்து ஆறுகளின் மீனைக் கண்டு அதனைக் கையாளத் தொடங்கினர்.

நம் சமூகத்துக்கும் இந்த மீனுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1960களின் பிற்பகுதியில் நோர்வே மக்களின் உதவியுடன் யாழ்ப்பாணத்தில் ‘சீநோர்’ என்னும் மீன்பிடித் தொழில் முயற்சி உருவாகியது. 1980களில் நோர்வேக்குச் சென்ற நம் இளைஞர் பலர், அந்நாட்டின் வடகோடியான பின்மார்க் பகுதியின் மீன் பதனிடும் ஆலைகளில் உழைத்தனர். இன்று விடுமுறைக்கு ஊர் திரும்பும் உறவினரின் பெட்டியிலிருந்து சொக்கலேற்றோடு புகையூட்டிய சமன் பொதியும் வெளிவருவது புதுமையன்று. கொழும்பின் பெரிய அங்காடிகளிலும் அது கிடைக்கிறது. விலைதான் சற்று மிகுதி.

இனிச் செய்முறைக்கு வருவோம். எட்டுப் பேருக்கு இருபத்துநான்கு துண்டுகள் செய்யத் தேவையானவை இவை: நடுத்தர அளவான வெள்ளரிக்காய் 2; புகையூட்டிய சமன் 100 கிராம்; கிரீம் சீஸ் 150 கிராம்; தேசிக்காய் 1; மிளகுதூள் சிறிதளவு; சதகுப்பை இலை ஒரு பிடி. சதகுப்பையின் மணம் நமக்குப் புதிதன்று. குழந்தைகளுக்குக் கொடுத்து வந்த கிரைப் வாட்டரின் மணமே அது. இலை கிடைக்காவிட்டால் மல்லித்தழை போதும். கிரீம் சீஸுக்குப் பதிலாக, காய்ச்சிய பாலில் உறையவைத்த கெட்டியான எருமைத் தயிரைத் தூய துணியிற் கட்டி, குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு பாத்திரத்தின் மேல் ஓரிரவு தொங்கவிடலாம். நீர் வடிந்து, பூசுவதற்கேற்ற பதத்தில் அது இறுகியிருக்கும். அதன் இலேசான புளிப்பு இம்மீனுக்கு மிகவும் பொருந்தும்.

வெள்ளரிக்காயை நன்றாகக் கழுவி, நுனியில் ஒரு துண்டை வெட்டிச் சுவைத்துப் பாருங்கள். கைப்பாக இருந்தால் அதனை விலக்கிவிடுதல் வேண்டும். தோலை முழுதும் சீவாமல், ஒரு கீற்று விட்டு ஒரு கீற்றாகச் சீவினால் வட்டங்கள் அழகாக இருப்பதோடு உறுதியாகவும் நிற்கும். கால் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட கனத்தில் வட்டங்களாக வெட்டிக்கொள்ளுங்கள். இதைவிட மெல்லியதாக வெட்டினால் கையில் எடுக்கும்போது வளைந்து, மேலிருப்பது விருந்தினரின் மடியில் விழுந்துவிடும்!

வெள்ளரிக்காயில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீரே. இவ்வுண்டி பாழாவதற்கு முதற்காரணம் அந்த நீர்தான். வட்டங்களைத் துணியின் மீது பரப்பி, மிகச் சிறிதளவு உப்புத் தூவி, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். உப்பு நீரை வெளியே இழுத்துவிடும். பின்னர் இன்னொரு துணியால் ஒற்றியெடுத்தால் போதும். மீனில் ஏற்கெனவே உப்பு உண்டு. ஆகையால் வேறெதிலும் உப்புச் சேர்த்தல் ஆகாது.

கிரீம் சீஸுடன் பொடியாக அரிந்த சதகுப்பை, மிளகுதூள், அரைத் தேசிக்காயின் சாறு ஆகியவற்றைக் கலந்து, ஒவ்வொரு வட்டத்தின் மீதும் ஒரு சிறு கரண்டி வையுங்கள். மீனைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கடைசியாகவே எடுக்க வேண்டும். அதனைக் கீற்றுகளாகக் கிழித்து, ரோசாமொட்டுப் போலச் சுருட்டி மேலே அமர்த்துங்கள். எஞ்சிய தேசிக்காயைப் பரிமாறும் நேரத்தில் மட்டும் பிழியவேண்டும். முன்னரே பிழிந்தால் மீனின் நிறம் வெளிறிவிடும்.

இப்போது காவலைப் பற்றிச் சொல்லவேண்டும். புகையூட்டும் முறைகள் இரண்டு. வெப்பப் புகையில் மீன் வெந்தேவிடும்; அது உதிர் உதிராகப் பிரியும். நாம் இங்கே பயன்படுத்தும் மெல்லிய, பளபளப்பான இதழ்களோ குளிர்ப்புகையில் பதமானவை. அப்புகையின் வெப்பம் பொதுவாக 30 பாகை செல்சியஸுக்கு மேற்படாது. ஆகவே இம்மீன் உப்பும் புகையும் ஏறியதேயன்றி வெந்ததன்று. இவ்வகை உணவில் லிஸ்டீரியா என்னும் கிருமி இருக்கக்கூடும். அது குளிர்சாதனப் பெட்டிக்குள்ளும் பெருக வல்லது, உறையவைத்தாலும் சாகாது, நன்றாகச் சூடாக்கினாலே அழியும். நலமுள்ளவர் பெரும்பாலோருக்கு அது பெருந்தீங்கு செய்வதில்லை. ஆனால் கர்ப்பிணிக்கு வந்தால் கருச்சிதைவோ, குழந்தை வயிற்றிலேயே இறப்பதோ நேரிடலாம். தாய்க்குச் சாதாரணக் காய்ச்சல் போலவே அது தோன்றும். உண்டு பல வாரங்கள் கழிந்த பின்னரும் நோய் தலைகாட்டக்கூடும் என்பதால், விருந்தையும் நோயையும் இணைத்துப் பார்க்க எவருக்கும் தோன்றாது. 2022 ஆம் ஆண்டில் பிரித்தானிய உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள், கர்ப்பிணிகளும் முதியோரும் நோயெதிர்ப்பு வலு குன்றியோரும் புகையூட்டிய மீனை நன்கு வேகவைத்தே உண்ணவேண்டுமென அறிவுறுத்தினர்.

நம் வீட்டுக் கூட்டங்களை எண்ணிப் பாருங்கள். பேரப்பிள்ளையை எதிர்பார்த்திருக்கும் வீட்டிலேதான் உறவினர் மிகுதியாகக் கூடுகின்றனர். ‘உனக்காகவே கொண்டுவந்தோம், சாப்பிடு’ என்று வெளிநாட்டுப் பொதியை அந்தப் பெண்ணின் கையிலேயே அன்போடு கொடுப்பார்கள். மறுப்பது மரியாதையல்லவென்று அவளும் வாங்கிக்கொள்வாள். அவ்விடத்தில் அவளுக்காகப் பேசவேண்டியவர் வீட்டுத் தலைவியே.

பெட்டியில் வந்த பொதியைப் பற்றியும் ஒரு சொல். காற்றை அகற்றி ஒட்டியிருப்பதனால் அது வெளியிலே கெடாதிருக்கும் என்று எண்ணுதல் தவறு. காற்றில்லாத இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமியும் உண்டு. நெடும் பயணத்தில் குளிர் நீங்கிய பொதியை, எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், எறிந்துவிடுவதே அறிவுடைமை. உறைந்த பொதியை இளக்கும்போது குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே, உறையைத் திறந்து வைத்து இளக்குங்கள். பெட்டியின் குளிர் 5 பாகைக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். நம் நாட்டு வெக்கையில் பரிமாறிய தட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் மேசையில் இருக்கலாகாது. தட்டின் அடியில் பனிக்கட்டி பரப்புவதும், பன்னிரண்டு பன்னிரண்டாக இருமுறை கொண்டுவருவதும் நல்ல வழக்கங்கள்.

அப்படியானால் கர்ப்பிணிக்கும் பாட்டனாருக்கும் என்ன கொடுப்பது? இங்கேதான் நம் பழைய தகரப்பேணி கைகொடுக்கிறது. பேணி மீன் அடைக்கப்பட்ட பின்னர் கடும் வெப்பத்தில் வெந்தது. புதிதாகத் திறந்து, நீரை வடித்து, முள்ளை நீக்கி மசித்து, பொடியாக அரிந்த சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் தேசிக்காய்ச் சாறும் கிரீம் சீஸும் சேர்த்து வெள்ளரி வட்டங்களின் மீது வையுங்கள். இதற்கும் அடுப்பு வேண்டாம், செலவும் குறைவு. வேறு கத்தி, வேறு பலகை கொண்டு இதனை முதலிற் செய்து, தனித்தட்டில் வைப்பது அவசியம். உண்மையைச் சொல்வதானால், உறைப்புக்குப் பழகிய நம் நாவுக்கு இரண்டாவது தட்டே முதலில் ஒழிந்துவிடக் கூடும்.

அடுத்த முறை விருந்தினர் வரும்போது சட்டியை இறக்கி வைத்துவிட்டு, இரு தட்டுகளோடு முன்கூடத்துக்கு வாருங்கள். எந்தத் தட்டு எவருக்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பின்னர் அமர்ந்து, வந்தவர்களின் கதையைக் கேளுங்கள். அவர்கள் நெடுந்தூரம் வந்தது உங்களைக் காண்பதற்காக அல்லவா?