ஆறாம் நிலையத்துக் கற்கள்

வானிலிருந்து கல் விழுதல் புதிதன்று. ஆயின், இன்ன கல் இன்ன வேளையில் இன்ன இடத்தில் விழும் என முன்கூட்டியே உரைத்து, அவ்வாறே விழக் கண்டது 2008 ஆம் ஆண்டிலேதான் முதன்முதலாக நிகழ்ந்தது. பூமியை நெருங்கும் சிறுகோள்களைத் தேடுவதால் விளையும் பயன் யாதென மாணவர் எவரேனும் வினவின், நான் எடுத்துக் கூறுவது இவ்வரலாற்றையே.

அவ்வாண்டு ஒக்டோபர் 6 ஆம் நாள், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து லெமன் மலையில் வானை ஆராய்ந்துகொண்டிருந்த றிச்சேட் கோவால்ஸ்கி, நகரும் ஒளிப்புள்ளி ஒன்றைக் கண்டார். ஒரே வானப்பகுதியைச் சில நிமிட இடைவெளியில் மீண்டும் மீண்டும் படம் பிடித்து ஒப்பிடுவது அவர்தம் முறை. விண்மீன்கள் நின்ற இடத்தில் நிற்கும். சிறுகோள் இடம்பெயர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

எனினும், ஒருவர் கண்ட சில புள்ளிகளைக் கொண்டு அதன் ஒழுக்கைத் துணிதல் அரிது. தொடக்கத்தில் நேரும் மயிரிழைப் பிழை, போகப் போகப் பெரும் பிழையாய் விரியும். ஆகவே செய்தி உலகெங்கும் பறந்தது. வானியலறிஞரும், பொழுதுபோக்காக வானை நோக்கும் அன்பரும் சில மணி நேரத்தில் 500க்கு மேற்பட்ட அளவீடுகளை அனுப்பினர். கல் விழுமிடம் வட சூடானின் நூபியப் பாலைவனம் என்று கணிதம் கூறிற்று. ஏறத்தாழ 4 மீற்றர் அளவினதாகிய அக்கல், கண்டுபிடிக்கப்பட்டு 20 மணி நேரத்தில், 37 கிலோமீற்றர் உயரத்தில் வெடித்துச் சிதறிற்று.

டிசெம்பரில், கார்த்தூம் பல்கலைக்கழக ஆசிரியர் முஆவியா ஷட்டாத்தும் வானியலறிஞர் பீற்றர் ஜெனிஸ்கன்சும் மாணவர்களை வரிசையாக நிறுத்தி, கணித்த பாதையின் கீழே மணலை நடந்து தேடினர். கருநிறக் கற்கள் கிடைத்தன. பின்னைய தேடல்களையும் சேர்த்து ஏறத்தாழ 600 துண்டுகள். அவ்விடத்துப் புகையிரத நிலையத்தின் பெயரால் அவை ‘அல்மஹாத்தா சித்தா’ எனப்பட்டன. அரபு மொழியில் ‘ஆறாம் நிலையம்’ என்பது பொருள்.

இனி, இதன் மறுபுறத்தையும் நோக்குவோம். 2013 பெப்ரவரி 15 ஆம் நாள் வானியலார் எதிர்பார்த்திருந்தது, முந்திய ஆண்டே கண்டறியப்பட்ட ஒரு சிறுகோளை. அது கணித்தபடியே பூமிக்கு 28,000 கிலோமீற்றர் அளவில் விலகிச் சென்றது. ஆயின் அன்று காலையிலேயே, எவரும் அறியாத 20 மீற்றர்க் கல்லொன்று ருஷியாவின் செலியாபின்ஸ்க் நகரின் மேலே வெடித்தது. சூரியன் இருந்த திசையிலிருந்து வந்தமையால், இரவில் மட்டுமே பார்க்கவல்ல நிலத்துத் தொலைநோக்கிகளுக்கு அது புலப்படவில்லை. பேரொளியைக் காண மக்கள் யன்னலருகே வந்தனர்; ஓரிரு நிமிடங்களின் பின் வந்த அதிர்வலை கண்ணாடிகளை நொறுக்கிற்று. காயமுற்றோர் ஏறத்தாழ 1,500 பேர்.

“யன்னலை விட்டு விலகி நில்லுங்கள்” என்னும் ஒரு வாக்கியம் அன்று முன்னரே கிடைத்திருப்பின், அவர்களுட் பெரும்பாலோர் தப்பியிருப்பர். பெருங்கல்லைத் திசைதிருப்ப ஆண்டுகள் பல வேண்டும். சிறுகல்லிலிருந்து உயிர்களைக் காக்க ஒரு நாள் முன்னறிவே போதும். சூரியனின் திசையையும் நோக்கவல்ல கண்களை விண்வெளியில் நிறுவவேண்டும் என அறிஞர் வற்புறுத்துவது இதனாலேயே. அதனை வீண் செலவென்று கூற நான் ஒருப்படேன்.