வெள்ளச் செலவு யார் தலையில்?

2023 ஜூலை வெள்ளத்தில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத் தலைநகர் மான்ட்பீலியரின் கடைவீதி மூழ்கியது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெயை அங்கே பலரும் நிலவறைத் தொட்டியில்தான் வைத்திருப்பார்கள். தண்ணீர் புகுந்ததும் தொட்டிகள் புரண்டன. வெள்ளத்தில் எண்ணெயும் கலந்தது. மறு ஆண்டு அதே ஜூலையில் மாநிலத்தில் மறுபடியும் வெள்ளம். சாலையையும் பாலத்தையும் சீரமைப்பது வரிப்பணம்தான்.

அந்தச் சுமையில் ஒரு பங்கை எண்ணெய், நிலக்கரி நிறுவனங்களிடம் வசூலிக்க 2024 மே மாதம் வெர்மான்ட் சட்டம் கொண்டுவந்தது. குடியரசுக் கட்சி ஆளுநர் ஃபில் ஸ்காட் கையெழுத்திடவில்லை, தடுக்கவும் இல்லை. 1995 முதல் 2024 வரை 100 கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறக் காரணமான நிறுவனங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். டிசம்பரில் நியூயார்க்கும் சட்டம் இயற்றியது: 25 ஆண்டுகளில் 7,500 கோடி டாலர்.

அன்று சட்டப்படி நடத்திய தொழிலுக்கு இன்று பணம் கேட்பதா என்பது நிறுவனங்களின் வாதம். ஏற்க முடியாத வாதம். இந்த இரண்டு சட்டங்களுக்கும் முன்மாதிரியான 1980ஆம் ஆண்டின் நச்சுக்கழிவுச் சட்டம், அதற்கு முன்பே கொட்டிய கழிவுக்கும் கொட்டியவரிடம்தான் செலவை வசூலித்தது. தெரியாமல் செய்ததும் அல்ல. பூமி சூடாகும் என்று எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1970களின் பிற்பகுதியிலேயே மேலிடத்துக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் நியாயம் இருப்பதால் மட்டும் சட்டம் நிலைத்துவிடாது. மாநிலங்களின் இத்தகைய சட்டங்களைத் தடுக்கச் சொல்லி 2025 ஏப்ரலில் ட்ரம்ப் உத்தரவிட்டார். மே 1 அன்று மத்திய நீதித்துறை இரு மாநிலங்கள்மீதும் வழக்குத் தொடுத்தது. நியூயார்க்குக்கு எதிராக மேற்கு வர்ஜீனியா தலைமையில் 22 மாநிலங்கள் ஏற்கெனவே நீதிமன்றம் போயிருந்தன. நியூயார்க் மாநகரம் எண்ணெய் நிறுவனங்கள்மீது தொடுத்த இழப்பீட்டு வழக்கை 2021இல் தள்ளுபடி செய்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் இவ்விரு மாநிலங்களும் வருகின்றன.

இதைவிடப் பெரிய ஆபத்து நாடாளுமன்றத்தில் இருக்கிறது. துப்பாக்கி உற்பத்தியாளர்களைப் பெரும்பாலான இழப்பீட்டு வழக்குகளிலிருந்து காக்க அமெரிக்கா 2005இல் ஒரு சட்டம் போட்டது. அதே போன்ற பாதுகாப்பை எண்ணெய் நிறுவனங்களுக்கும் தர வேண்டும் என்று குடியரசுக் கட்சியைச் சேர்ந்த மாநிலத் தலைமை வழக்கறிஞர்கள் பலர் 2025இல் மத்திய அரசைக் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கோரிக்கையைத்தான் கூர்ந்து கவனிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வழக்குகளைத் தடுத்ததோடு நிற்கவில்லை. நிலுவையில் இருந்த வழக்குகளையும் உடனே தள்ளுபடி செய்யச் சொன்னது.