மழைக்குக் காத்திருக்கும் காடு

புக்கிட் பாத்தோக் இயற்கைப் பூங்கா ஒரு காலத்தில் கல் உடைத்த இடம். 1988ல் அது பூங்காவானது. பாறைக்கு வெடி வைத்த சத்தத்தால்தான் குன்றுக்கு 'இருமல்' என்று மலாய்ப் பெயர் வந்ததாக ஒரு கதையும் உண்டு. ஆண்டு முழுதும் மழை பெய்வதால் இங்கே சும்மா விட்ட நிலத்தையும் பச்சை மூடிவிடுகிறது. வெட்டினால் மறுபடி வளர்ந்துவிடும் என்று நாம் நினைப்பது இதனால்தான்.

இலங்கையின் வன்னியிலும் மன்னாரிலும் இந்தக் கணக்கு செல்லாது. அங்கிருப்பவை உலர்காடுகள். சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மன்னாரில் சுமார் 1,000. அளவைவிடக் காலம்தான் முக்கியம். அக்டோபர் முதல் ஜனவரி வரை பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை வறட்சி. விழுந்த விதை மழைக்காலத்தில் முளைத்து, வறட்சிக்கு முன் வேரை ஆழமாக இறக்க வேண்டும். தவறினால் கருகிவிடும்.

பாலை, வீரை, முதிரை, கருங்காலி ஆகியவை அங்குள்ள மரங்கள். பாலையின் தடித்த இலை ஈரத்தை எளிதில் விடாது. அதன் கட்டையின் உறுதிக்குத் தமிழகத்தில் வழங்கும் 'உலக்கைப்பாலை' என்ற பெயரே சாட்சி. ஆனால் மிக மெதுவாக வளரும். பாலைப்பழத்தின் ருசி வன்னியில் வளர்ந்தவர்களுக்கு மறக்காது. அதற்காகவே மரமேறும் கரடி, எச்சத்தின் வழியே விதையைப் பரப்புகிறது. இலங்கையின் கரடி, யானை, சிறுத்தை மூன்றும் அத்தீவுக்கே உரிய கிளையினங்கள். சுற்றிலும் கடல்; காடு போனால் வேறிடம் கிடையாது.

சேனைப் பயிர் செய்தவர்கள் முன்பு ஓரிரு ஆண்டு விளைவித்துவிட்டு, நிலத்தைப் பல ஆண்டுகள் ஓய்வில் விட்டார்கள். வெட்டிய அடிமரத்திலிருந்து பல மரங்கள் துளிர்த்தன. ஓய்வுக்காலம் குறைந்ததும் பல இடங்களில் முட்புதரே மிஞ்சியது. புல்டோசரோ வேரையே பெயர்த்துவிடுகிறது. துளிர்க்க எதுவும் இருப்பதில்லை.

வில்பத்து 1938ல் தேசியப் பூங்காவானது. அதையொட்டிய கல்லாறு காட்டில், போரால் இடம்பெயர்ந்தோரைக் குடியமர்த்த மரங்கள் அழிக்கப்பட்டன. வீடிழந்தவர்களுக்கு நிலம் வேண்டும் என்பதை யார் மறுப்பது? அந்தக் குடியமர்த்தலுக்குக் காப்புக்காட்டை எடுத்தது சட்டவிரோதம் என்று 2020ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஈடான பரப்பில் மரம் நடவும் உத்தரவிட்டது. நட்ட கன்று முதல் வறட்சியைத் தாண்ட வேண்டும். அது பாலையானால், கரடி ஏறும் அளவுக்கு வளர்வதற்குள் நட்டவருக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்திருப்பார்கள்.